பிறந்த தேதியை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள்

அமெரிக்க காங்கிரஸின் இரு அவைகளிலும் உள்ள ராணுவ விவகாரக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வெளியே வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றுவோரைக் கொண்ட ரிசர்வ் படைகளில், பிரிகேடியர் ஜெனரலுக்குக் கீழே உள்ள அதிகாரிகளை 62 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளோடு விலக்கச் சொல்லும் சட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

வயது வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் போர்முனைக்கு அழைக்கப்படக்கூடிய வேலை, உடம்பு ஒத்துழைக்க வேண்டும், சரி. ஆனால் அதைப் பார்க்கத்தானே உடல்தகுதித் தேர்வும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் வைத்திருக்கிறீர்கள்? இரண்டிலும் தேறியவரை வயதைக் காட்டி அனுப்புவது எந்த நியாயத்தில் சேரும்?

இதில் அதிகம் அடிபடுவது தாமதமாகச் சேர்ந்தவர்கள். ரிசர்வ் ஓய்வூதியத்துக்குத் தகுதியான 20 ஆண்டுகள் வேண்டும், அதுவும் பயிற்சிக்கும் பணிக்கும் தரப்படும் பாயின்ட்களில் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 50 எடுத்தால்தான் அந்த ஆண்டே கணக்கில் வரும். 41 வயதில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 62 வரை அவருக்குக் கிடைப்பது 21 ஆண்டுகள். நடுவே வேலை மாறியோ, வீட்டில் யாருக்காவது நோய் வந்தோ இரண்டு ஆண்டுகள் பாயின்ட் குறைந்துபோனால் 19-இல் நின்றுவிடுவார். ஒரே ஓர் ஆண்டு குறைந்ததற்காக, வார இறுதிகளையெல்லாம் பயிற்சிக்குக் கொடுத்த மனிதர் ஓய்வூதியம் இல்லாமல் போக வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூத்தவர்கள் நகராவிட்டால் இளையவர்களுக்குப் பதவி உயர்வு எப்படி என்பீர்கள். அதற்குத் தனி விதியே இருக்கிறது: பொதுவாக, லெப்டினன்ட் கர்னலுக்கு அதிகாரியாக 28 ஆண்டுகள், கர்னலுக்கு 30 ஆண்டுகள், அதோடு சரி. இடம் காலியாக அது போதாதா?

இன்னொன்று, மருத்துவ அதிகாரிகளையும் மதகுருமார்களையும் 68 வரை வைத்துக்கொள்ள நீங்களே வழி செய்திருக்கிறீர்கள். 60 ஆக இருந்த வரம்பை 2006-இல் 62 ஆக்கியதும் காங்கிரஸ்தான். அப்படியானால் சைபர் பாதுகாப்பிலோ சரக்குப் போக்குவரத்திலோ வெளியே முப்பது வருடம் ஊறி, அந்த அறிவோடு சீருடை போடுபவருக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு இல்லை?

நான் கேட்பது இவ்வளவுதான். தகுதித் தேர்வில் தேறியவரை, அவருடைய பிரிவு வேண்டும் என்று எழுதிக் கேட்டால், ஓராண்டு ஓராண்டாக 68 வரை நீட்டிக்கும் அதிகாரத்தை அந்தந்தப் படைத்துறைச் செயலருக்குக் கொடுங்கள். 20 ஆண்டுகளை நெருங்கியவர்களுக்கு அதை முடிக்கும் வரை அவகாசம் கொடுங்கள். அடுத்த பாதுகாப்பு அங்கீகார மசோதாவிலேயே இதைச் சேர்த்துவிடலாம்.