விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிற பஸ்: வன்னிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் வன்னியில் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்து, 2009இல் எல்லாரோடும் சேர்ந்து முகாமுக்குப் போய், திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து சாதாரண தரம் படித்தவள். சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு வருடா வருடம் எங்கள் ஊர்களில் நடக்கிற ஒரு விடயத்தைப் பற்றி உங்களோடு கதைக்க வேண்டும்.

கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த பெண் பிள்ளை, கொஞ்ச நாளில் பார்த்தால் கலைப்பிரிவில் இருக்கிறாள். அவள் கலை படிக்க விரும்பிப் போயிருந்தால் எனக்கு ஒரு சொல்லும் இல்லை, நல்ல தமிழாசிரியரும் நல்ல சட்டத்தரணியும் எங்களுக்குத் தேவைதான். ஆனால் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு "அங்க போக ஏலாது மிஸ்" என்கிறாள். ஊர்ப் பாடசாலை 1சி, அதில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை இருக்கிற இடத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அதே பெறுபேறு எடுத்த அண்ணன்காரனுக்குக் கடன்பட்டாவது ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது, தங்கச்சிக்கு "வளர்ந்த பிள்ளை, காலம் கெட்டுக் கிடக்கு" என்ற கதை வருகிறது. அந்தக் கதையைப் பெற்றோர் பெரும்பாலும் தாங்களாகச் சொல்வதில்லை. உங்களைப் போன்ற, ஊர் மதிக்கிற ஒருவர் கோயில் வீதியிலோ சங்கக் கூட்டத்திலோ சொன்னதைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்து சொல்கிறார்கள்.

என் அம்மாவிடமும் சொன்னார்கள். அப்பா இல்லாத வீடு என்றபடியால் அக்கறையோடுதான் சொன்னார்கள், அதை நான் மறக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்தப் பௌதிகமும் இரசாயனமும் என்னத்துக்கு, மூண்டு வருசம் மினக்கெட்டுப் போட்டுக் கடைசியில ஒண்டும் இல்லாமல் நிக்கப் போகுது, ஆர்ட்ஸ் எடுத்தால் கெதியா ஒரு வேலைக்குப் போகும்." அம்மா அவரோடு வாக்குவாதப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலமை முதல் பஸ் எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாளிலிருந்து விடியப் புறமே அம்மா ரோர்ச் லைற்றோடு சந்தி வரைக்கும் என்னோடு நடந்து வந்தார், யானை வருகிற பாதை அது. மாரியில் பஸ் வராத நாட்கள் இருந்தன. நிறைந்த பஸ், சீசன் ரிக்கெற் வைத்திருக்கிற பிள்ளைகளைக் கண்டும் நிற்காமல் போன நாட்களும் இருந்தன. பின்னேர வகுப்பு முடிந்தால் கடைசிப் பஸ் போய்விடும் என்பதால் பாதியில் எழும்பி ஓடுவேன், அந்தப் பாதி வகுப்புகளில் போனவற்றை முதல் தடவைப் பெறுபேற்றில் கண்டேன். இரண்டாம் தடவைதான் சரிவந்தது. இதை எழுதக் காரணம், எனக்குக் குறைந்தது விளக்கம் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குறைந்தது பஸ்.

இன்னொன்றும் குறைந்தது. நியமிப்புச் செய்முறையை, அதாவது ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலைச் சேர்த்துக் கண்டுபிடிப்பதை, கரும்பலகையில் படமாகத்தான் நாங்கள் படித்தோம். கண்ணாடிச் சாமான்கள் அலுமாரிக்குள் இருந்தன, பிள்ளைகள் உடைத்துப் போடுவார்கள் என்று பூட்டு. பல்கலைக்கழகத்தில்தான் முதல் முதல் அளவி என்ற நீளக் கண்ணாடிக் குழாயின் அடியில் இருக்கிற திருகைத் திருப்பி, துளித் துளியாக விட்டு, நிறமே இல்லாதிருந்த கரைசல் ஒரு துளியில் மெல்லிய இளஞ்சிவப்பாவதைக் கண்டேன். கணக்குக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக இரண்டு தரம் செய்தேன், பார்க்க ஆசையாக இருந்தது.

பெண் பிள்ளைக்கு இது சரிவருமா என்ற ஐமிச்சம் உங்களுக்கு இன்னும் இருந்தால் முகமாலைப் பக்கம் போகும்போது ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். கண்ணிவெடி புதைந்த அந்த மண்ணில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து, உலோகம் காட்டுகிற கருவியைப் பிடித்து, ஒரு சாண் நிலத்தைத் துப்புரவாக்கிவிட்டு அடுத்த சாணுக்கு நகர்ந்தவர்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர், அதில் குடும்பத்தைத் தனியாகத் தூக்குகிறவர்கள் எத்தனை பேர். அளவாகச் செய்வது, பொறுமையாக இருப்பது, கருவி சொன்னதை இன்னொரு தரம் சரிபார்ப்பது, இதுதானே அந்த வேலை. நான் ஆய்வுகூடத்தில் படிப்பிப்பதும் இதைத்தான். உயிரைப் பணயம் வைக்கிற இடத்தில் அவர்களின் கையை நம்பிய நாங்கள், ஒரு பரிசோதனைக் குழாயைக் கொடுக்க யோசிக்கிறோம்.

தண்ணீரையும் பாருங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவியாது, எது கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும், எதில் சவர்க்காரம் நுரைக்காது என்று எங்கள் அம்மாமாருக்கு அத்துப்படி. அது நீரின் வன்மை, கல்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை, உயர்தர இரசாயனவியலில் வருகிற பாடம். வவுனியாப் பக்கம் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நீரின் வன்மை, புளோரைட்டு, வயலுக்கு அடிக்கிற மருந்து என்று பல பக்கமாக ஆராய்கிறார்கள், எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே விடை இன்னும் வரவில்லை. அந்தக் கிணற்றில் நாள் தவறாமல் தண்ணீர் அள்ளுகிற பிள்ளை அந்த விடையைத் தேடப் போகக் கூடாதா?

பெரியவர்கள் பிழை விடுவது புதுசு இல்லை, திருத்துவதும் புதுசு இல்லை. 1933இல் கமலா சோஹோனி என்ற பெண், அப்போது அவர் பெயர் கமலா பாகவத், பம்பாயில் பட்டம் முடித்துவிட்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். பணிப்பாளர் சேர் சி. வி. ராமன், எங்கள் தமிழர், மூன்று வருடம் முன்புதான் நோபல் பரிசு பெற்றவர், பெண் என்பதற்காகவே மறுத்துவிட்டார். கமலா விடவில்லை, நேரே போய் நின்று காரணம் கேட்டார். கடைசியில் ஒரு வருடம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று தவணை வைத்து எடுத்தார்கள், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்றுகூட நிபந்தனை. அந்த வருடம் அவர் செய்த வேலையைப் பார்த்த பிறகு ராமன் மனம் மாறி மற்றப் பெண்களையும் சேர்த்தார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார், பிறகு ஊர் திரும்பி நீராவை, அதுதான் எங்கள் பதநீர் போன்றது, எடுத்து அதில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராய்ந்தார். பனை நிற்கிற மண்ணில் இருக்கிற எங்களுக்கு அந்த வேலையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு அடைத்துக்கூட இல்லை. இலங்கையில் பல்கலைக்கழகம் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பொறியியலுக்கு வந்தால்தான் குறைகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய 5 வீதத்தில் வன்னியின் நான்கு மாவட்டங்களும் இருக்கின்றன, ஆனால் விஞ்ஞானப் படிப்புக்கு அது கிடைப்பது விஞ்ஞானப் பிரிவில் பரீட்சை எழுதின பிள்ளைக்குத்தான். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. பஸ்ஸில் அதைக் கடந்து போகிற எத்தனை பெண் பிள்ளைகளுக்கு உள்ளே போக வழி இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கொடுத்தோமா?

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த முறை பெறுபேறு வந்ததும், "என்னத்துக்கு" என்று கேட்பதற்கு முதல் நீங்களும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலை பஸ் சரியான நேரத்துக்கு வரவும் பின்னேர வகுப்பு முடிந்த பிறகு ஒன்று இருக்கவும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள், ஒரு பிள்ளையின் அம்மா எழுதினால் எடுக்காத கடிதத்தைப் பத்துச் சங்கம் சேர்ந்து எழுதினால் எடுப்பார்கள். பட்டணத்துப் பாடசாலைக்குக் கிட்ட, நம்பிக்கையான ஒரு அம்மாவின் பொறுப்பில் நாலு பிள்ளை தங்க ஒரு வீடு பாருங்கள், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் பாடசாலை வாசலில் வளைவு கட்டத் தருகிற காசில் ஒரு பகுதி அதற்குப் போதும். அப்புறம் ஆய்வுகூட அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். உடைந்தால் உடையட்டும், வாங்கலாம்.

இப்போது என் மேசையில் ஒரு பிள்ளையின் விண்ணப்பப் படிவம் இருக்கிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று தன் கையால் எழுதியிருக்கிறாள். பெற்றோர் கையெழுத்து இடம் வெறுமையாக இருக்கிறது, ஊரில் ஒருவரிடம் கேட்டுச் சொல்வதாக அப்பா சொன்னாராம். அந்த ஒருவர் உங்களில் யாராவது என்றால், வெள்ளிக்கிழமைக்கு முதல் அந்த அப்பாவோடு கதையுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் ஊர் ஆசிரியை ஒருத்தி