பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே: ஹை-கெயின் டியூப் ஆம்ப் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்ப் செய்யும் பெருமக்களே, வணக்கம்.

உங்களில் ஒருவர் செய்த 50 வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று பத்து நாளாக என் வீட்டில் இருக்கிறது. எந்த கம்பெனி என்று சொல்லவில்லை. நான் சொல்லவரும் குறை ஒருவருடையது மட்டுமல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் சுவிட்சைப் போட்டுவிட்டு டியூப் என்கிற வால்வ் சூடேறக் காத்திருக்கும் அந்த அரை நிமிடமே ஒரு சுகம். வால்வ் ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். பிறகு ஸ்டாண்ட்பையை எடுத்து, தடித்த கம்பியை 'டி' சுரத்துக்கு இறக்கி, உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கிக்கொண்டு (பாம் மியூட்) ஒரு தட்டு. நெஞ்சில் வந்து விழுந்தது. இத்தனை வருடம் லேப்டாப்பில் ப்ளக்இன் வைத்து வாசித்தவன் நான். பிக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஒலியும் இப்படிக் கூடவே முறைத்துக்கொண்டு வரும் என்று தெரியாமல் போய்விட்டது. ஒலியைக் கரகரப்பாக்கும் (டிஸ்டார்ஷன்) குமிழான கெயினை எட்டில் வைத்தால் கலைந்த தேன்கூடு. நாலுக்கு இறக்கியதும் கார்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. வாசிக்காமல் நிறுத்தினால் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். இத்தனை டியூப் ஸ்டேஜ்களை (ஒலியைப் பெருக்கும் படிகளை) வரிசையாக அடுக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை.

சண்டை மாஸ்டர் வால்யூமோடு, மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் குமிழோடு. பூஜ்யத்தில் மயான அமைதி. ஒன்றைத் தொடுவதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நான் வாசிக்கக்கூடிய வால்யூம் முழுவதும் அந்த மயிரிழை இடைவெளிக்குள் இருக்கிறது. இரண்டாம் நாளே கீழ் வீட்டுப் பெரியவர் மேலே வந்து, "ஏம்ப்பா, சுவத்துல டிரில் போடறீங்களா?" என்றார். நான் வாசித்துக்கொண்டிருந்தது சொந்தமாகப் போட்ட ரிஃப்.

கணக்கைப் பாருங்கள். என் கேபினெட்டில் இருப்பது செலஸ்டியன் விண்டேஜ் 30. ஒரே ஒரு வாட் கொடுத்தால் போதும், ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர் அது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45. 'வீட்டு உபயோகத்துக்கு' என்று பின்பக்கம் 10 வாட் சுவிட்ச் வைத்திருக்கிறீர்கள். பவர் ஐந்தில் ஒரு பங்காகிறது, சரி. காதுக்குக் குறைவது 7 டெசிபல். சத்தம் பாதியானதாகத் தோன்றவே சுமார் 10 குறைய வேண்டும். அந்த சுவிட்சால் கீழ் வீட்டுப் பெரியவருக்கு ஒரு பயனும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாஸ்டர் வால்யூம் வந்ததே இந்தத் தொல்லைக்குத்தான். பழைய ஆம்ப்களில் டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் முழுக்கத் திருப்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் மெசா பூகி ஆம்ப் செய்த ராண்டல் ஸ்மித் 1970-களில் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஸ்டேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். மார்ஷல் 1975-இல் 2203 என்ற ஆம்பை மாஸ்டர் வால்யூமோடு கொண்டுவந்தது. 1987-இல் சோல்டானோவின் எஸ்எல்ஓ, 1992-இல் பீவியின் 5150 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கெயினை வால்யூமிலிருந்து பிரித்து அரை நூற்றாண்டு ஆகிறது. கெயின் பக்கம் மட்டும் ஸ்டேஜ் மேல் ஸ்டேஜாக வளர்ந்தது. வால்யூம் பக்கம் நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் உழைத்தால்தான் உண்மையான டோன்" என்பீர்கள். மற்ற ஆம்ப்களுக்குப் பொருந்தும். இந்த வகை ஆம்ப்பில் டிஸ்டார்ஷனில் பெரும்பகுதி ப்ரீஆம்பிலேயே பிறந்துவிடுகிறது. மெதுவாக வைத்தால் அடித்தொனி மெலிவது வாஸ்தவம்தான். பாதி அது காதின் குணம். மெலிந்த டோனோடு நான் வாழ்ந்துகொள்வேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிடு என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். லோடு (ஸ்பீக்கர் போலப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும் என்று அவனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது.

நான் கேட்பது பெரிதல்ல. மாஸ்டரின் முதல் பாதித் திருப்பல் முழுவதும் சின்ன வால்யூமுக்கு இருக்கும்படி வேறு பாட் (குமிழுக்குள் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) போடுங்கள். சுவிட்ச் ஒரு வாட்டுக்குக் கீழும் இறங்கட்டும். ஸ்பீக்கர் இல்லாமலும் ஓட்ட உள்ளேயே ஒரு லோடு வையுங்கள். முடியாதது என்று சொல்லாதீர்கள்: ஹியூஸ் அண்ட் கெட்னரின் டியூப்மைஸ்டர் 18-இல் 18 வாட்டை 5, 1 என்று இறக்கலாம், ஸ்பீக்கரே இல்லாமலும் வாசிக்கலாம். அதற்குப் பதிலாக நான்காவது சேனல் ஒன்றை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், தயவுசெய்து.

அதுவரை ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பில் ஒரு சின்ன வால்யூம் பெட்டியைச் செருகிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். கீழ் வீட்டுப் பெரியவர் ஞாயிறு காலை பத்தரைக்கு மகள் வீட்டுக்குக் கிளம்புவார். அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் பெட்டியைக் கழற்றிவிட்டு மாஸ்டரை மூன்றில் வைப்பேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடியிலிருந்து ஒரு வாடிக்கையாளன்