சுட்ட நொடிக்கு முன்னால் நடந்ததையும் விசாரியுங்கள்: என்கவுன்டர் மரணங்கள் குறித்து ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால், சுடுவதற்கு முன் எடுத்த முடிவுகளையும் விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

2024 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் சென்னையில் மட்டும் மூன்று பேர் என்கவுன்டரில் இறந்தார்கள். அதில் இருவர் ஏற்கெனவே கைதாகி போலீஸ் பிடியில் இருந்தவர்கள். ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய அதிகாலையில் கூட்டிப்போனோம், அங்கே ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்று இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் வந்தது.

சரி, அது அப்படியே உண்மை என்று வைத்துக்கொள்வோம். கைதி ஆயுதம் இருக்கும் இடத்தைக் கைகாட்டினால் போதும், எடுக்க வேண்டியது போலீஸ்தானே? அவர் கை எட்டும் தூரத்துக்கு எப்படிப் போனார், விலங்கைக் கழற்றச் சொன்னது யார், பொழுது விடியும்வரை ஏன் காத்திருக்கவில்லை, துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தே போன இடத்தை முன்கூட்டியே ஏன் சுற்றி வளைத்துச் சோதிக்கவில்லை, உடலில் மாட்டும் கேமரா ஒருவரிடம்கூட இல்லையா? இதெல்லாம் நின்று நிதானமாக யோசித்து எடுக்கும் முடிவுகள். இதில் கோட்டைவிட்டால் கைதியின் உயிர் மட்டுமல்ல, கூடப் போகும் காவலரின் உயிரும் ஆபத்தில்தான். ஆனால் விசாரணை என்று வரும்போது சுட்ட அந்த ஒரு நொடியை மட்டும் பிடித்துக்கொண்டு 'தற்காப்பு' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

ரவுடிக்கு ஏன் வக்காலத்து என்று கேட்பார்கள். இறந்தவர் மீது எத்தனை கொலை வழக்கு இருந்தாலும் தண்டனை தரவேண்டியது நீதிமன்றம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரை பலாத்காரம் செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேரை இப்படித்தான் விடியுமுன் கூட்டிப்போய்ச் சுட்டார்கள், மக்கள் போலீஸ் மீது பூத்தூவிக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கைதிகள் துப்பாக்கியைப் பறித்தார்கள் என்ற போலீசின் கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடுதான் போலீசார் சுட்டார்கள் என்று சொல்லி, 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அது சொன்னது. பூத்தூவியபோது யாருக்குத் தெரியும்?

வழிமுறை இல்லாமல் இல்லை. 2014-இல் பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், சிஐடியோ வேறு ஸ்டேஷன் போலீசோ விசாரிக்க வேண்டும், சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், வீரச் செயல்தான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி உறுதியாகும்வரை முறை தாண்டிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இந்த விசாரணையின் வரம்புக்குள் மேலே கேட்ட கேள்விகளையும் சேர்த்து நீங்கள் ஆணையிட வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை. கூட்டிப்போக உத்தரவிட்ட அதிகாரி யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், பயணம் முழுக்க வீடியோ பதிவாக வேண்டும், பதிவு இல்லை என்றால் அதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று போலீஸ் சீர்திருத்தம் கோரி முன்னாள் டிஜிபி பிரகாஷ் சிங் தொடர்ந்த வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு 2013-இல் போட்ட சட்டமோ அந்த நாற்காலியை உள்துறைச் செயலாளருக்கே கொடுத்தது. காவல்துறை உங்கள் துறையின் கீழ் இருக்கிறது, அதன் மீதான புகாரையும் நீங்களே விசாரித்தால் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எந்த நம்பிக்கையில் வாசல் ஏறுவார்? அந்தச் சட்டத்தைத் திருத்த அரசுக்குப் பரிந்துரைக்கக் கோருகிறேன்.

இந்த இரண்டு கோரிக்கைகள் மீதும் எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்