பங்காளிக்கு, உன் மகனின் வீரா பற்றி

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்புள்ள பங்காளி,

நலம், நலமறிய ஆவல். நீ வாட்சாப்பில் அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் பார்த்தது போதாமல் மகளிடம் கொடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். “ஒரு நிமிஷம் பேசி அனுப்பு, போதும்” என்று சொல்லியிருந்தாய். ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயமில்லை இது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லீவு நாளில் வெயிலில் குனிந்து நின்று, எஞ்சின் புகையோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் டேங்க் என்ற டப்பாவைத் தன் புரோட்டோன் வீரா காரில் மாட்டப் பையன் செய்த வேலை. அதைத் ‘தப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

ஊர்ச் சேதி கொஞ்சம். லிந்தாங் சாலையில் நாம் இருந்த லயத்துப் பக்கம் போன வாரம் போயிருந்தேன். வீடு இருந்த இடம் தெரியவில்லை, செம்பனை மூடிக்கொண்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அப்படியே நிற்கிறது, புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள். என் மூட்டு வலி முன்னைப்போலத்தான். காடிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்கப் பையன்கள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டறை ஓடுகிறது. நீ கேட்ட கடன் விஷயம் தீர்ந்துவிட்டது, கவலைப்படாதே.

இப்போது வீராவுக்கு வருகிறேன்.

நம் தோட்டத்து லோரி ஞாபகம் இருக்கிறதா? எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் குழாய் தரையைப் பார்த்து இறங்கியிருக்கும். அதன் நுனியில் எப்போதும் கருப்பாக ஒரு சொட்டு நிற்கும். செம்மண் சாலையின் நடுவில் அது போட்டுக்கொண்டே போன கறையை மிதித்து உன் வெள்ளைச் சப்பாத்து கெட்டுப்போய், பள்ளிக்கூட வாசலில் நீ அழுதாய். லோரி ஒழுகுகிறது என்று நாம் டிரைவர் அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னதற்கு, “ஒழுகல டா, எஞ்சின் மூச்சு விடுது” என்றார். அன்று எனக்குப் புரியவில்லை. தொழிலுக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கத்தான் செய்யும். ஆயில் ஆவி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதோடு கலந்திருக்கும். அது வெளியே போக வழி வேண்டும். அந்தக் காலத்தில் குழாய் வைத்துத் தெருவில் விட்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம்தான் அதை முதலில் தடுத்தது. 1960களின் தொடக்கத்தில், புதுக் காடிகளில் அந்தப் புகையைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்பி எரிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த வேலையைச் செய்வதுதான், எஞ்சின் தலையை மூடும் ரோக்கர் கவரில் இருக்கும் பிசிவி என்ற வால்வு.

தம்பியின் வீராவில் ரோக்கர் கவரிலிருந்து இரண்டு ஹோஸ் கிளம்பும். ஒன்று பிசிவி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு. ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, மேனிஃபோல்டு பலமாக உறிஞ்சும், அந்த உறிஞ்சல் புகையை இழுத்துக்கொள்ளும். இன்னொன்று பிரீதர் ஹோஸ். அது ஏர் பில்டருக்கும், பெடலை மிதித்தால் காற்றுக்குத் திறக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள குழாயில் சேரும். அதன் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வந்து, எஞ்சின் வயிற்றைக் கழுவி, பிசிவி வழியாக வெளியேறும். ஆனால் பெடலை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் ஏறக்குறைய இல்லாமல் போகும், புகையோ அப்போதுதான் அதிகம். பிசிவி ஒன்றால் சமாளிக்க முடியாது. மிச்சப் புகை அதே பிரீதர் ஹோஸில் பின்னோக்கி வந்து ஏர் குழாயில் கலக்கும். ஒரே ஹோஸ், சில நேரம் உள்ளே, சில நேரம் வெளியே. இதைத்தான் பையன்கள் கவனிப்பதில்லை.

இரண்டாவது படத்தைப் பார். பிரீதர் ஹோஸைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு கிளிப் இறுக்கியிருக்கிறான். எஞ்சின் பே அழகாக இருக்கட்டும் என்று செய்திருப்பான். நீ எழுதியிருந்தாயே, ஆயில் அளவு பார்க்கும் கம்பி தானாக மேலே எழும்புகிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு விழுகிறது என்று, இரண்டுக்கும் காரணம் இந்த மூடிதான் என்பது என் எண்ணம். போக வழியில்லாத புகை, எது பலவீனமான இடமோ அதைத் தள்ளும். சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை நிறுத்தும் பின்பக்க சீல் முதலில் தோற்கும்.

இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, பங்காளி. பட்டறை திறந்த புதிதில் நானும் ஒருவருக்கு இதையே செய்து கொடுத்தேன். வேறொரு காடியில் பார்த்ததை அப்படியே காப்பியடித்தேன். அவர் குடும்பத்தோடு பினாங்கு போய் வந்தார். மறுநாள் காலை அவர் வீட்டு வாசல் சிமெண்டில் ஒரு தட்டு அளவுக்கு ஆயில். கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்றினேன், செலவு முழுக்க என்னுடையது. காசு போனது பெரிதில்லை. பிள்ளைகளை உட்கார வைத்து அவ்வளவு தூரம் ஓட்டிப் போன மனிதரிடம், “என் தப்பு” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

அடுத்தது கேட்ச் டேங்க். மூன்றாவது படத்தில் மூடி கழற்றியிருக்கிறது, உள்ளே தெரிகிறது. ஒரு வாயில் குழாய் அடிவரை இறங்குகிறது. மற்ற வாய் மேலே, கம்பி வலைக்குப் பின்னால் இருக்கிறது. அடிவரை இறங்குவதுதான் புகை நுழையும் வாய். நுழைந்த புகை அகலமான இடத்தில் வேகம் குறைந்து, குளிர்ந்து, வலையில் மோதி ஆயிலை விட்டுவிட்டு, மேல் வாய் வழியாக மேனிஃபோல்டுக்குப் போக வேண்டும். தம்பி இதை மாற்றிப் போட்டிருக்கிறான். பிசிவி ஹோஸ் மேல் வாயில், மேனிஃபோல்டு ஹோஸ் அடிக்குழாயில். சேரும் ஆயிலை மேனிஃபோல்டு ஸ்ட்ரா போட்டுக் குடிப்பதுபோல அடியிலிருந்தே உறிஞ்சிவிடும். “ரெண்டு மாசமா டேங்க் காய்ஞ்சு கிடக்கு அங்கிள், எஞ்சின் அவ்வளவு கிளீன்” என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். மேனிஃபோல்டு பக்க ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொல். விரல் கருப்பாக வந்தால் ஆயில் எங்கே போனது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

டேங்க் மேல் உள்ள அந்தக் கூம்பு பில்டரையும் எடுக்க வேண்டும். மேனிஃபோல்டோடு சேர்ந்த டேங்கில் வெளிக்காற்று நுழைய ஓட்டையே இருக்கக் கூடாது. இருந்தால் த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே போகும். ஐடில் ஏறி இறங்குகிறது, சிக்னலில் நின்றால் ஊம் ஊம் என்று இழுக்கிறது என்றாயே, அதுதான் இது. த்ராட்டில் பாடியைக் கழுவியும் சரியாகாததற்கு இதுவே காரணமாக இருக்கும். பில்டரை எடுத்துவிட்டு அந்த வாயில் நல்ல பிளக் போட்டு இறுக்கட்டும்.

ஹோஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் போட்டிருப்பது மீன் தொட்டிக்கு வாங்கும் கண்ணாடி ஹோஸ். ஆயில் ஓடுவது தெரியும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் சூட்டில் அது இளகும், உறிஞ்சல் பட்டால் சப்பையாகும். நான்காவது படத்தில் வளைவில் ஏற்கெனவே மடிந்திருக்கிறது. மடிந்தால் பிசிவியும் அடைபட்ட மாதிரிதான். ரேடியேட்டர் பக்கத்து ஹோஸும் வேண்டாம், அந்த ரப்பர் தண்ணீருக்குத்தான் தாங்கும், ஆயில் பட்டால் ஊதிப்போகும். கலர் கலராக வரும் சாதாரண சிலிக்கோன் ஹோஸ் கொஞ்ச நாளில் வெளிப்பக்கம் பிசுபிசுக்கும், ஆயில் அதில் ஊறி வெளியே வரும். கடையில் ஆயில் ஹோஸ் என்று கேட்டு, நூல் பின்னிய என்பிஆர் ரப்பர் வாங்கட்டும். உள்விட்டம் பழைய ஹோஸ் எவ்வளவோ அவ்வளவு. அதற்குக் குறைந்தால் மூச்சு முட்டும். எக்சோஸ் பக்கம் உரசாமல் போக வேண்டும். நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கக் கூடாது, அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் தங்கி வழியை அடைத்துவிடும்.

டேங்கை எக்சோஸ் சூட்டுக்குத் தள்ளி, காற்றுப் படும் இடத்தில் வைக்கட்டும். சூடான டேங்கில் ஆவி ஆவியாகவே போய்விடும், எதுவும் தேங்காது. நம் ஊர் ஈரக் காற்றில், வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் காடியில், டேங்கைத் திறந்தால் பாலில் மைலோ கலந்த மாதிரி ஒன்று இருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீரும் ஆயிலும் அடித்துக் கலந்தது. ரேடியேட்டர் தண்ணீர் குறையாத வரை அது ஹெட் கேஸ்கெட் போன அடையாளம் இல்லை. அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றவே கூடாது, லோங்கான் சாக்கடையிலும் கொட்டக் கூடாது. இங்கே பழைய எஞ்சின் ஆயிலை எஸ்டபிள்யூ 305 என்று தனிக் கழிவாகவே சட்டம் வகுத்திருக்கிறது. பக்கத்துப் பட்டறை டிரம்மில் கொடுத்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

எல்லாம் மாட்டியதும் பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு தாளை வை. தாள் மெல்ல ஒட்டிக்கொண்டால் உறிஞ்சல் சரி. தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டால் எங்கோ அடைப்பு, இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. பிசிவி வால்வையும் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்க்கட்டும். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் டேங்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் வால்வை மாற்ற வேண்டும்.

உன்னிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். இந்த 1.5 எம்பிஐ எஞ்சினுக்கு கேட்ச் டேங்க் கட்டாயமில்லை. இதில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுப் போகிறது, வால்வு ஓரளவு தானே கழுவிக்கொள்ளும். புரோட்டோன் எக்ஸ்70 மாதிரி பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் அடிக்கும் எஞ்சினில்தான் அந்தக் கழுவல் இல்லாமல் கரி ஏறும், அங்கே டேங்குக்கு மதிப்பு அதிகம். தம்பி பின்னால் டர்போ போடப் போவதாகச் சொன்னானாமே. போட்டால் கதை வேறு. டர்போ காற்றைத் திணித்து பூஸ்ட் ஏறும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் வந்து பிசிவி மூடிக்கொள்ளும், புகை முழுவதும் பிரீதர் வழியாக டர்போவின் வாய்க்கு வரும். அப்போது அந்தப் பக்கத்துக்கு இன்னொரு டேங்க் வேண்டும். அந்த நாள் வரும்போது பேசிக்கொள்ளலாம். டேங்கை எடுத்துவிடு என்று அவனிடம் நான் சொல்ல மாட்டேன். கையால் செய்து பார்க்கிற பையன்கள் இப்போது குறைவு, இவன் ஆசையை நாம் கெடுக்க வேண்டாம்.

தீபாவளிக்கு வரும்போது அவனையும் வீராவையும் சேர்த்துக் கூட்டி வா. என் பட்டறையில் அவன் கையாலேயே மாட்டட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். பிறகு ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் வரை ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஓட்டிப் பார்ப்போம். அந்த ஏற்றம் ஏறி இறங்கியும் ஆயில் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தால் மூச்சு சரியாகிவிட்டது. சீலை அதற்குப் பிறகு பார்ப்போம். அழுத்தம் போனதும் சொட்டு நிற்கவும் கூடும், வீணாக இப்போதே கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.

அதுவரை டேங்கை விட்டுவிட்டு இரண்டு ஹோஸையும் கம்பெனி போட்ட மாதிரியே திரும்ப மாட்டச் சொல். பிரீதர் ஹோஸ் ஒரு தனி வளைவோடு அச்சில் வார்த்தது, நேர் ஹோஸை வெட்டி வளைத்தால் மடிந்துவிடும். பழையதை வைத்திருக்கிறானா, எறிந்துவிட்டானா என்று கேட்டு எழுது. எறிந்திருந்தால் இந்த வாரமே ஈப்போவில், பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் பொத்தோங் கடையில் தேடி எடுத்து போஸ்டில் அனுப்புகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி