கோடைக்கானலுக்கு வேன் விடும் மதுரை சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மதுரை ஜங்ஷன் எதிரிலும் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் 'ஒரே நாளில் கோடை' என்று பலகை வைத்திருக்கும் உங்கள் அனைவருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவரிடம் முன்பணம் கட்டிக் கடந்த ஞாயிறன்று மலையேறி வந்தோம். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை; மற்றவர்களும் அதே தடத்தில்தான் வண்டியை ஓட்டுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

துண்டுப் பிரசுரத்தில் 'இயற்கைக் காட்சிகள், வரலாற்றுச் சின்னங்கள்' என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பேத்துப்பாறைப் பக்கம் ஊர்மக்கள் குள்ளர் குகை என்று அழைக்கும் கற்திட்டைகளைப் பார்க்க வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டு, 'தாராளமா பார்க்கலாம் சார்' என்ற பதிலையும் பெற்றிருந்தோம். பெருங்கற்காலத்து மக்கள் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி எழுப்பிய இந்தச் சின்னங்களைப் பற்றிச் சேசு சபைத் துறவி ஆங்லேட் ஆராய்ந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டிருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பக்கம் போக நேரமில்லை என்றார் ஓட்டுநர்.

நேரம் எங்கே போயிற்று? ஊருக்குள் நுழையும் முன்பே ஒரு சாக்லேட் கடை வாசலில் வண்டி நின்றது. கடைப் பையன் ஓடிவந்து வண்டி எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, ஓட்டுநர் கையில் ஒரு டோக்கனைத் திணித்தான். கழிப்பறை கடையின் பின்கட்டில் இருந்தது. மதுரையிலிருந்து உட்கார்ந்தே வந்த, சர்க்கரை நோயுள்ள எங்கள் தலைமையாசிரியை அம்மா, தைலப் புட்டிகள் அடுக்கிய இடுக்கு வழியாக நடந்து, 'ஏதாவது வாங்குனா சாவி தர்றோம்மா' என்ற பேச்சையும் கேட்டு, தமக்கு வேண்டாத ஒரு யூகலிப்டஸ் தைலத்துக்குப் பணம் கொடுத்த பிறகே உள்ளே போக முடிந்தது. அங்கே முக்கால் மணி நேரம். திரும்பும்போது இன்னொரு கடை. இதற்கு வேறு பெயர் உண்டு. மரியாதை கருதி வியாபாரம் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எந்தெந்த இடம், அங்கே எவ்வளவு நேரம் என்பதை ரசீதில் எழுதிக் கொடுங்கள், எழுதியதைக் காட்டுங்கள். இ-பாஸுக்காக வண்டி எண்ணையும் ஆள் கணக்கையும் பதிவு செய்யும் உங்களுக்கு இது பெரிய வேலை அன்று.

1845இல் அந்த மலையில் குடியிருப்பைத் தொடங்கியவர்கள் மதுரையிலிருந்து போன அமெரிக்க மிஷன்காரர்கள். 1863இல் ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச் மதுரையில் கலெக்டராக இருந்தவர். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கோடைக்கானல் மதுரை மாவட்டத்து ஊர். ஏரிக்கரையில் நின்றுகொண்டு இதில் ஒரு வரிகூட உங்கள் வழிகாட்டி சொல்லவில்லை; எந்த நடிகர் எந்த மரத்தடியில் ஆடினார் என்பது மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்த கோடைக்கானல் வானாய்வகத்தை, 'அங்க ஒண்ணும் இல்ல சார்' என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். மலைச்சாலை வருமுன் பெரியகுளம் பக்கமிருந்து துரைமார்களை டோலியில் தூக்கிப்போன காலத்தில்கூட, சுமந்தவர்கள் நடுவழியில் இறக்கிவைத்துத் தைலம் விற்றதாக நான் எங்கும் படித்ததில்லை.

பேச்சு வேறெங்கோ போகிறது. கடையில் நிறுத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நிறுத்தத்தையும் ரசீதில் எழுதுங்கள், விருப்பமுள்ளவர் வாங்கட்டும். கழிப்பறைக்கு மட்டும் கடை வழியாகப் போக வைக்காதீர்கள். கற்திட்டைக்கு வண்டி போகாது என்றால் முன்பணம் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குப் போய் அங்குள்ள பெருங்கற்காலச் சின்னங்களைப் பார்க்க ஒரு வண்டி தேடுகிறோம். இடத்தையும் நேரத்தையும் எழுதித் தரச் சம்மதிப்பவர் யாரோ, அவரிடமே பதிவு செய்வோம். உங்களில் எவருக்குச் சம்மதம் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மதுரை.