அம்பை விடாமல் நாணைத் தளர்த்தி இறக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

பயிற்சிக் களத்தில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைக்கும் தண்டு) எதுவும் இல்லாத பாரம்பரிய வில் எய்யும் எங்களில் பலரை ஆட்டிவைத்த டார்கெட் பேனிக், அதாவது குறிபார்க்கும்போது விரலும் கையும் சொன்னபடி கேட்காத தொல்லை, இப்போது கட்டுக்குள் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள். என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்று விவரமாக எழுதிவைத்தால் இதே தொல்லையில் தவிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அதனால்தான் இந்த நன்றியைப் பொதுவில் சொல்கிறோம்.

முதல் நன்றி பயிற்சியாளர் ஐயாவுக்கு. இது பயமும் இல்லை, அக்கறைக் குறைவும் இல்லை என்று புரியவைத்தது அவர்தான். சிலருக்குக் குறிபார்க்கையில் அம்பு முனை இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்கு நேரே வந்ததும் விரல் தானாகத் திறந்துவிடும். சிலருக்கு நாணை இழுக்கும் கை தாடையில் வந்து சேர இரண்டு அங்குலம் இருக்கும்போதே நாண் போய்விடும். இன்னும் சிலருக்கு முனை இலக்குக்குக் கீழேயே மாட்டிக்கொண்டு மேலே ஏற மறுக்கும். மூன்றுக்கும் வேர் ஒன்றே. முனை இலக்குக்கு நேரே வந்ததும் விட்டு விட்டுப் பழகிய உடம்பு, கண்ணில் படும் அந்தக் காட்சியையே விடுவதற்கான கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. "நிதானமா விடுப்பா" என்று நூறு தடவை சொன்னாலும் பலன் இல்லாததற்கு அதுதான் காரணம். ஜப்பானில் கியூடோ எனும் பாரம்பரிய வில்வித்தை பயில்கிறவர்களும் இதை நன்றாக அறிவார்கள். ஹயாகே என்பது அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர். அங்கே வழக்கமான இலக்கு 28 மீட்டர் தொலைவில், 36 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கும். அந்த இலக்கை மறந்து மகிவாரா எனும் வைக்கோல் உருளைக்கு மிக அருகில் நின்று எய்து பழகுவது அவர்கள் கைக்கொள்ளும் வழி.

25 பவுண்ட் விசையில் இழுக்க முடிகிற இலகுவான வில்லை இரவல் தந்த அக்காவுக்கு அடுத்த நன்றி. 45 பவுண்டை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. தாடையில் கை நின்ற இரண்டாவது நொடியே தோள் நடுங்கினால், உடம்பு தப்பிக்கத்தான் பார்க்கும். வில்லில் எழுதியிருக்கும் இழுவிசை 28 அங்குல இழுவைக்கு உரியது என்பதையும் அக்காதான் நினைவுபடுத்தினார். அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை பவுண்ட் கூடும் அல்லது குறையும். கனமான வில்லின் அம்புகள் இந்த வில்லுக்கு விறைப்பு அதிகம். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகிப் போகும். இரண்டு மீட்டரில் அது பொருட்டில்லை. பத்து மீட்டருக்குப் போகும்போது அம்பையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் குறியைத் திருத்தப் போய்ப் பழைய நோய் திரும்பி வரும்.

வைக்கோல் கட்டுகளைத் தோள் உயரத்துக்கு அடுக்கி, அதில் ஒரு காகிதம்கூட ஒட்டவிடாமல் காவல் காத்த தம்பிகளுக்கும் நன்றி. இரண்டு மீட்டர் தொலைவு, வெறும் கட்டு, ஒரு நாளைக்கு நாற்பது அம்புக்கு மேல் வேண்டாம். கட்டைப் பார்த்தபடி இழுத்து, கை தாடையில் அமர்ந்த பிறகே கண்ணை மூட வேண்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தோள்பட்டை எலும்புகள் முதுகுத்தண்டை நோக்கி நகர்வது மட்டுமே கவனத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று: வெறும் கட்டோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடியும். அங்கே ஒழுங்காக எய்கிறவர் இலக்கைக் கண்டதும் மறுபடி பதறுவார். கட்டளை ஒட்டிக்கொண்டிருப்பது இலக்கைப் பார்க்கும் அந்தக் காட்சியோடு அல்லவா?

அதை உடைத்தது நீங்கள் சொல்லிக்கொடுத்த "இறக்கு" பயிற்சி. இந்த மடலில் பெரிய நன்றி அதற்கே. ஐந்து மீட்டரில் பெரிய இலக்குத் தாள். எய்பவர் இழுத்து, தாடையில் நிறுத்தி, நடுவில் குறிவைத்தபடி காத்திருப்பார். துணையாள் நாண் கைப் பக்கம், எய்பவருக்குச் சற்றுப் பின்னால் நின்று "விடு" அல்லது "இறக்கு" என்பார். "இறக்கு" என்றால் அம்பை விடாமல் நாணை மெல்லத் தளர்த்த வேண்டும். நான்கு தடவைக்கு மூன்று "இறக்கு". சொல்வதற்கு மூன்று நொடியும் ஆகலாம், ஆறு நொடியும் ஆகலாம். ஒரே தாளத்தில் சொன்னால் உடம்பு அந்தத் தாளத்தையே புதிய கட்டளையாக்கிவிடும். இறக்கும்போது நாண் முழுவதும் தளரும்வரை அம்பு கட்டை நோக்கியே இருக்க வேண்டும். வில்லை முதலில் தாழ்த்தக் கூடாது. "இறக்கு" என்றபோது அம்பு போய்விட்டால் திட்ட வேண்டாம், அன்றைக்கு வெறும் கட்டுக்குத் திரும்பினால் போதும். நடு வட்டத்தில் குறி நிற்கும்போதே விடாமல் இறக்க முடிகிற நாளில்தான் நோயின் பிடி தளர்ந்தது என்று நம்பலாம். துணையாளாக நிற்பது அலுப்பூட்டும் வேலை. தன் பயிற்சி நேரத்தை விட்டுக்கொடுத்து, எய்பவரின் விரலையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டு மாலை முழுவதும் நிற்க யாருக்கு மனம் வரும்? உங்களுக்கு வந்தது.

வில் செய்து தரும் அண்ணன், வில்லின் மேல் லிம்பின் (வளையும் மேல் கையின்) உட்பக்கத்தில் ஒட்டும் சின்ன கிளிக்கரை, அதாவது போதுமான அளவு இழுத்ததும் சத்தம் எழுப்பும் கருவியை, பொருத்திக் கொடுத்தார். மெல்லிய உலோகத் தகடு, அதிலிருந்து நாணுக்கு ஒரு நூல், அவ்வளவுதான். நூலின் நீளத்தில்தான் சூட்சுமம். கை தாடையில் அமர்ந்ததும் சத்தம் வந்தால் அது கெடுதல். உடம்பு சத்தத்தைத் துரத்தி வெடுக்கென்று இழுக்கும். அமர்ந்த பிறகு இன்னும் ஐந்தாறு மில்லிமீட்டர் முதுகால் விரித்தால்தான் ஒலிக்கும்படி வைக்க வேண்டும். ஒலித்த பிறகும் சில தடவை விடாமல் இறக்க வேண்டும். நாண் நீண்டு பிரேஸ் உயரம் (இழுக்காதபோது பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) குறைந்தால் ஒலிக்கும் இடமும் மாறும் என்பதால் நூலை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். சர்வதேச வில்வித்தைச் சம்மேளனமான வேர்ல்ட் ஆர்ச்சரியின் விதிப்படி, சைட் இல்லாத வில்லுக்கான பேர்போ பிரிவில் கிளிக்கருக்கு அனுமதி இல்லை. போட்டிக்குப் போகிறவர்கள் மூக்கு நுனியில் அம்பின் இறகு படுவதை அடையாளமாக வைத்துக்கொள்ள அண்ணனே பழக்கிவிட்டார்.

தொலைவைக் கூட்டியது மெதுவாகத்தான்: 5, 8, 10, 14, 18 மீட்டர். எங்கே பதறுகிறதோ அங்கிருந்து ஒரு படி பின்னால். அதுவரை வாராந்தரப் போட்டியில் எங்கள் பெயருக்கு எதிரே புள்ளி எழுதாமல் விட்ட நண்பர்களுக்கும் நன்றி. புள்ளி எண்ணத் தொடங்கினால் ஒரே மாலையில் பழைய வேகம் திரும்பிவிடும்.

அக்காவின் 25 பவுண்ட் வில்லுக்குப் புது நாண் போட்டு, நாணின் நடுவே சுற்றியிருக்கும் நூல்கட்டைச் சரிபார்த்துக் களத்து அறையில் வைத்திருக்கிறோம். தேவைப்படும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். துணையாள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வந்து நிற்கிறோம்.