'நரம்பு மாத்திரை' கேட்டு வருகிறவர்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும் உதவியாளர்களுக்கும் வணக்கம்.

"நரம்புக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று தினமும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். நம் பேச்சில் இந்தச் சொல் படாத பாடு படுகிறது. ஊசி போட 'நரம்பு கிடைக்கல' என்றால் அது ரத்தக்குழாய். காலில் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பதும் ரத்தக்குழாய்தான். இவற்றுக்கு நரம்பு மாத்திரை என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கும் வைட்டமின் பி12 அட்டை எதுவும் செய்யாது.

நிஜ நரம்பு வேறு. இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் உயிரணுவிலிருந்து கால் பெருவிரல் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு, ஒரே இழையாகப் போகும் நரம்புகள் உண்டு. வாய்க்கால் கடைமடை மாதிரி, வரத்து குறைந்தால் முதலில் காய்வது நுனிதான். அதனால்தான் சர்க்கரை நோயில் மதமதப்பு இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, மாதக்கணக்கில், சாக்ஸ் போட்டதுபோல மேலேறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனியிலும் ஆரம்பிக்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டுக் கொடுப்பது நியாயம்.

ஆனால் அட்டையைத் திருப்பி, அதில் சேர்ந்திருக்கும் வைட்டமின் பி6 அளவைப் படியுங்கள். ஒரு நாளைக்கு உடலுக்கு வேண்டியது 2 மில்லிகிராமை ஒட்டித்தான். சில மாத்திரைகளில் 100 இருக்கிறது. அதை மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த பி6-யே நரம்பைக் கெடுக்கலாம். மதமதப்பு கூடிவிட்டது என்று வாங்கியவர் இன்னும் இரண்டு அட்டை கேட்பார்.

அலமாரிக்குத் திரும்புமுன் மூன்று கேள்வி போதும்: எப்போது ஆரம்பித்தது, எங்கே, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா?

திடீரென்று, ஒரு பக்கம், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் பக்கவாதம். 108-ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஆஸ்பிரின் வேண்டாம். அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. தண்ணீரும் வேண்டாம், புரையேறும்.

இரண்டு காலும் வலுவிழந்து ஓரிரு நாளில் மேலேறினால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மூச்சுத் தசை வரை போகக்கூடியது அது. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. வெளுத்த தேமல், தொட்டால் உணர்வில்லை என்றால் தொழுநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கச் சொல்லுங்கள், மருந்து இலவசம்.

கடைசியாக வலிப்பு மாத்திரை. "ஸ்டாக் இல்ல, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பதை இந்த ஒரு மருந்துக்கு மட்டும் சொல்லாதீர்கள். திடீரென்று நின்றால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம். பக்கத்துக் கடையிலாவது வாங்கி ஒரு வேளைகூட விடாமல் பாருங்கள். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தில் கம்பெனியையும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்; ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலே ஆள் தள்ளாடுவார், குறைந்தால் வலிப்பு.

இப்படிக்கு,
நரம்பியல் பிரிவில் பணிபுரிவோர்